நீ நம்பும் பெரியவர் ஒருவர்

எங்கள் அலுவலகத்தில் நாற்காலிகளைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறோம். உட்கார்ந்திருப்பவர் முதுகுக்குப் பின்னால் யாரும் நடக்க முடியாது. திரையில் இருப்பதை அவரைத் தவிர வேறு யாரும் பார்க்கவும் முடியாது. புதிதாக வருகிறவர்கள், இதென்ன பரீட்சை ஹாலா என்று கேட்பார்கள். வேலை இன்னதென்று தெரிந்த பிறகு கேட்பதில்லை.

சலவைக் கடைக்கு மேலே மூன்று அறைகள். கீழே இஸ்திரி போடும் ஆவி வாசனை நாள் முழுவதும் மேலே வரும். முதல் அறையில் நானும் கம்ப்யூட்டர்காரரும். நடு அறையில் வக்கீலம்மா. கடைசியில் ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் மட்டும் உள்ள சின்ன அறை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தன் படமோ வீடியோவோ இணையத்தில் சுற்றுகிறது என்று தெரிந்த பிள்ளை எங்களுக்கு ஒரு ஃபார்ம் அனுப்பலாம். பெயர் கேட்க மாட்டோம். அனுப்பியதும் ஒரு எண் விழும், அதுதான் அந்தப் பிள்ளைக்குப் பெயர். என்ன வயது, எது சுற்றுகிறது, யார் போட்டார், வீட்டில் யாருக்காவது தெரியுமா. அவ்வளவுதான் கேள்வி. இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு மனிதர் பதில் எழுத வேண்டும், இயந்திரம் எழுதக் கூடாது. பிள்ளை சம்மதிக்காமல் பெற்றவர்களுக்குச் சொல்லக் கூடாது. இந்த விதிகளை எல்லாம் போட்டது நான்தான். முதல் பதிலில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதியதும் நான்தான். நாலே வரி, ஒரு மாதம் பிடித்தது.

‘நீ சொன்னது நல்லது. இதில் உன் தப்பு எதுவும் இல்லை. வீட்டில் நீ நம்பும் பெரியவர் ஒருவரிடம் முதலில் சொல். அவர் திட்டினால் எங்களிடம் சொல், நாங்கள் அவரிடம் பேசுகிறோம்.’

என் பெரியவளுக்கு இப்படி நாலு வரி எழுத யாரும் இருக்கவில்லை. அவளுக்குப் பதினைந்து வயது. யாரோ ஒருவனை நம்பி ஒரு படம் அனுப்பினாள். அவன் அதை ஊர் மேய விட்டான். நாலு நாள் அது சுற்றியது. நாலு நாளும் அவள் என்னோடுதான் சாப்பிட்டாள். சாம்பலாகிப்போன முகத்தைப் பார்த்து, பரீட்சைக்குக் கண் விழிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலை அவள் இல்லை. அந்தப் படத்தை நீக்கச் சொல்லி அந்த இணையதளத்துக்கு அவளே மூன்று முறை எழுதியிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்றுக்கும் ‘பரிசீலிக்கிறோம்’ என்று இயந்திரம் பதில் போட்டிருந்தது.

ஒரு வருடம் கழித்து ஒரு பள்ளி அரங்கில் எழுந்து நின்று இதைச் சொன்னேன். ஏழு நிமிடம். ஒருவர் படம் பிடித்தார். நானே அதை எங்கள் பக்கத்தில் போட்டேன். நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள் என்று கம்ப்யூட்டர்காரர் சொல்வார். மற்ற நிமிடங்களுக்காக யாரும் அதைப் பார்க்கவில்லை. ஐந்தாவது நிமிடத்துக்காகத்தான் பார்த்தார்கள். அதில் நான் சொல்வது இது: ‘முதலில் அறைக்குள் போனது என் சின்னவள். ஆறு வயது. அக்கா தூங்குகிறாள் என்று நினைத்து, குளிருமே என்று போர்வையை இழுத்து மூடிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வந்து, அக்கா தூங்குறா என்று என்னிடம் சொன்னாள்.’

அந்த இடத்தில் அரங்கமே அழும். கல்நெஞ்சுக்காரர் என்று பெயரெடுத்த அதிகாரிகள் மூக்கைச் சீந்தியதைப் பார்த்திருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எங்கே அழுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எத்தனையோ மேடைகளில் அதைச் சொன்னேன். அந்த வரி முடிந்ததும் ஒரு மூச்சு நிறுத்திக்கொள்வேன். மகளை இழந்தவள் அழுகைக்கு இடம் விட்டுப் பேசக் கற்றுக்கொண்டேன். எல்லாம் வேலைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு 4117 விழுந்தது.

வயது பதினான்கு, பெண். ‘ஒரு வீடியோ. அதில் என் முகம் இல்லை. நான் சின்ன வயதில் செய்த ஒன்றை ஒருத்தர் அதில் சொல்கிறார். அதை எல்லோரும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டுப் போடவில்லை. எடுக்க முடியுமா?’ யார் போட்டார் என்ற இடத்தில் ‘தெரிந்தவர்’ என்று இருந்தது. வீட்டில் யாருக்காவது தெரியுமா என்பதற்கு ‘இல்லை’.

பள்ளிக்கூட நேரம். கணினி வகுப்பில் உட்கார்ந்து அனுப்புகிறாள் போல என்று நினைத்தேன். நாலு வரியையும் எழுதி அனுப்பினேன். வீட்டில் நீ நம்பும் பெரியவர் ஒருவரிடம் முதலில் சொல் என்று எழுதினேன். அப்புறம் டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது பதில் வந்திருந்தது. ‘வீட்டில் சொல்ல முடியாது. வீட்டில் இருப்பவர்தான் போட்டார்.’

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ரகப் பெற்றோர்களை எனக்கு எட்டு வருடமாகத் தெரியும். குளிக்கிற பிள்ளை, அடி வாங்கி அழுகிற பிள்ளை, பரீட்சையில் தோற்று மூலையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை, எல்லாவற்றையும் படமெடுத்து ஊருக்குக் காட்டிவிட்டு, ‘எங்க புள்ளைதானே’ என்பார்கள். வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் எங்கே போய் நிற்கும்? நாலு வரியைத் தாண்டி என் சொந்தக் கோபத்தையும் சேர்த்துத் தட்டினேன்.

“அக்கா, கீபோர்டு பாவம்,” என்றார் கம்ப்யூட்டர்காரர். “அது உங்கள ஒண்ணும் பண்ணல.”

‘யார் போட்டிருந்தாலும் சரி, உன்னைப் பெற்றவர்களாகவே இருந்தாலும் சரி, உன்னைக் கேட்காமல் போட அவர்களுக்கு உரிமை இல்லை. நாங்கள் உன் பக்கம். இணைப்பை அனுப்பு’ என்று எழுதியிருந்தேன். பத்து நிமிடத்தில் இணைப்பு வந்தது. கூடவே ‘ஐந்தாவது நிமிடம்’ என்று இரண்டு வார்த்தை.

திறந்தேன். என் முகம்.

சிரிக்காதீர்கள், பிள்ளை தப்பான இணைப்பை அனுப்பிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் பக்கத்திலிருந்து ஃபார்மை எடுத்திருப்பாள், அங்கே இருந்த எங்கள் வீடியோவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்து, ‘சரியான இணைப்பை அனுப்பும்மா’ என்று பாதி தட்டியும்விட்டேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்? பிறகு அந்த இரண்டு வார்த்தையை மறுபடி பார்த்தேன். பதினான்கு வயது. பெண். சின்ன வயதில் செய்த ஒன்று.

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கீழே சலவைக் கடையில் யாரோ எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முழுச் சண்டையும் கேட்டேன்.

சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட ஃபார்மை நாங்களே கையாளக் கூடாது என்பதும் நான் போட்ட விதிதான். எழுந்து நடு அறைக்குப் போனேன். வக்கீலம்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இந்த வேலைக்காகப் பெரிய வக்கீல் ஆபீஸை விட்டு வந்தவர். எண்ணை மட்டும் சொன்னேன். அவர் திறந்து படித்தார். இணைப்பைத் தட்டவே இல்லை, முகவரியைப் பார்த்ததுமே கண்ணாடியைக் கழற்றினார்.

“சின்னவளா?” என்றார்.

“ஆமா.”

கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். “அடுத்த வியாழக்கிழமை என்னன்னு ஞாபகம் இருக்கா?”

எப்படி மறப்பேன்? நாலு வருடமாக அலைந்து அலைந்து கொண்டுவந்த விதி. பிள்ளையின் படத்தை எடுக்கச் சொன்னால் இணையதளங்கள் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், ‘பரிசீலிக்கிறோம்’ என்றெல்லாம் பதில் போடக் கூடாது. சட்டசபை உறுப்பினர்கள் குழு அதை வியாழக்கிழமை கேட்கிறது. எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். அதில் ஏழு நிமிடம் அந்த வீடியோ.

“இங்க பாருங்க,” என்றார் வக்கீலம்மா. “அந்தக் குழந்த கேக்குறது நியாயம். எடுத்துதான் ஆகணும். நான் இல்லேங்கல. ஆனா எட்டே நாள். வியாழக்கிழம போட்டுட்டு வெள்ளிக்கிழம எடுத்துடலாம். ஏழு வருஷம் இருந்தது, எட்டு நாள் இருக்கக் கூடாதா? அந்தப் போர்வை விஷயம் இல்லாம அவங்க முன்னாடி போய் நின்னா, நம்ம கிட்ட இருக்கிறது வெறும் கணக்குதான். கணக்கக் கேட்டு யாரும் கை தூக்க மாட்டாங்க.”

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அந்த விதி அன்றைக்கே இருந்திருந்தால் என் பெரியவளின் படம் ஒரே நாளில் போயிருக்கும், அவளுக்கு இப்போது இருபத்துமூன்று வயது. அது அவளுடைய விதி. அவளுக்காக நான் செய்யக்கூடியதாக மீதமிருந்தது அது ஒன்றுதான். இந்தப் பக்கம் உயிரோடு இருப்பவள் எடு என்கிறாள், அந்தப் பக்கம் செத்துப்போனவள் போடு என்கிறாள். அப்படித்தான் எனக்குப் பட்டது. எட்டு நாள்தானே என்று நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் இன்னொரு சிக்கல். 4117 எனக்கு அலுவலகத்தில் தெரிந்த விஷயம். பிள்ளை சம்மதிக்காமல் அம்மாவுக்குச் சொல்லக் கூடாது. அந்த அம்மா நானாகவே இருந்தாலும்தான். புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாள் என் மகளுக்குச் சாப்பாடு போட்டேன், சட்டைக்குப் பட்டன் தைத்தேன், எதுவும் தெரியாதவள் போல இருந்தேன். அவளும் அப்படியே இருந்தாள். அவள் அப்பா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், அதிகம் பேசாதவர். அந்த வீடியோவை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முதல் தடவை காட்டப் போனபோது, “எனக்குத் தெரிஞ்சதுதானே, அதுல என்ன பாக்கணும்” என்று எழுந்து போய்விட்டார். அப்போது அவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். சின்னவள் வந்து எதிரே உட்கார்ந்து தானும் ஒரு கை எடுத்துக்கொண்டாள். பத்துப் பதினைந்து உரித்திருப்பாள்.

“4117 என்னாச்சு?” என்றாள்.

தலை நிமிராமல் கேட்டாள். நானும் நிமிரவில்லை.

“வக்கீல் ஆன்ட்டிகிட்ட இருக்கு,” என்றேன். “ஏன்டா, இத என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேனே.”

“எப்ப?”

“போன வருஷம். அந்த வீடியோ எனக்குப் பிடிக்கலன்னு சொன்னேன். நீ ‘எனக்கு மட்டும் பிடிக்குதா கண்ணு’ன்னு சொன்ன. அப்ப போன் வந்துச்சு, எடுத்துட்டுப் போயிட்ட.” ஒரு பட்டாணி மேசையிலிருந்து உருண்டு ஓடியது. குனிந்து எடுத்துப் போட்டாள். “ஃபார்ம் போட்டா ரெண்டு மணி நேரத்துல கண்டிப்பா பதில் சொல்லுவன்னு தெரியும். அதான் போட்டேன்.”

ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு மணி நேரத்தில் பதில் எழுதுகிறவள் நான். என் பிள்ளை வரிசையில் நின்று எண் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“ஸ்கூல்ல யாராவது ஏதாவது சொல்றாங்களா?” என்று கேட்டேன்.

“சொல்றதுக்கு என்ன. வருஷா வருஷம் ஹால்ல போடுறாங்க. அஞ்சாவது நிமிஷம் வந்ததும் எல்லாரும் திரும்பி என்னப் பாப்பாங்க. அழுறேனான்னு.” இன்னொரு தோலைப் பிரித்தாள். “நான் தல வலிச்சு பெஞ்சுல படுத்தேன்னு வை, யாராவது வந்து ஸ்வெட்டர என் தலை மேல போட்டு மூடிட்டு, ‘ஷ்ஷ், தூங்குறா’ன்னு சொல்லுவாங்க. சும்மா சிரிக்கிறதுக்குத்தான். இப்ப நான் படுக்கிறதே இல்ல.”

எழுந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அதைச் செய்யாமல் என்ன செய்தேன் தெரியுமா? வியாழக்கிழமையைப் பற்றிப் பேசினேன். விதியைப் பற்றி, பத்து நிமிடத்தைப் பற்றி, அக்காவைப் பற்றி. அஞ்சே நாள் பொறுத்துக்கோ, ஒரே ஒரு தடவை, கடைசித் தடவை, வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலை அதுதான் என்றேன். நல்லாத்தான் பேசினேன். பேசிப் பேசிப் பழகிய வாய்.

“சரி,” என்றாள்.

உடனே சொன்னாள். யோசிக்கவே இல்லை. பெற்றோர் கூட்டங்களில் நான் சொல்வதுண்டு, பிள்ளை உடனே சரி என்றால் சந்தோஷப்படாதீர்கள், இனி உங்களிடம் சொல்லிப் பயனில்லை என்று அது முடிவு கட்டிவிட்டது என்று அர்த்தம் என்று. ஊருக்குத்தான் உபதேசம். நான் அந்தச் சரியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

அவள் எழுந்து கையைத் துடைத்தாள். போகிறவள் நின்றாள்.

“ஆனா அதுல நீ சொல்றது தப்பு.”

“எது?”

“தூங்குறான்னு நெனச்சு நான் போத்தல.”

நான் பார்த்தேன். அவள் கையைத் துடைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரிஞ்சுச்சும்மா. தொட்டுப் பாத்தேன். நீ பாக்கக் கூடாதுன்னுதான் மூடினேன். நீ பாத்தா உனக்கும் ஏதாவது ஆயிடும்னு பயந்தேன். அப்பா டியூட்டி முடிஞ்சு வந்துருவாரு, அதுவரைக்கும் உன்ன உள்ள விடக் கூடாதுன்னு நெனச்சுதான் தூங்குறான்னு சொன்னேன்.”

அந்தக் காலை எனக்கு நினைவுக்கு வந்தது. வீடியோவில் இல்லாத ஒன்று. அக்கா தூங்குறா என்று சொன்ன கையோடு சின்னவள், சடை கோணலாக இருக்கிறது, அவிழ்த்துப் பின்னு என்றாள். பின்னினேன். இன்னும் கோணல் என்றாள். மறுபடி அவிழ்த்தேன். மூன்றாவது தடவையும் கேட்டபோது முதுகில் ஒன்று வைத்தேன். அடியை வாங்கிக்கொண்டு அழாமல் நின்று, “இன்னும் ஒரு தடவ” என்றாள். நான் சீப்பை வீசிவிட்டுப் பெரியவளை எழுப்பப் போனேன். ஆறு வயதுக் குழந்தை அரை மணி நேரம் என்னைத் தன் தலைமுடியால் கட்டிப்போட்டு வைத்திருந்தாள். அப்பா வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

“நான் மூடி வெச்சேன்,” என்றாள் சின்னவள். “நீ எல்லாருக்கும் காட்டிட்ட.”

குரலை உயர்த்தவில்லை. துணியை மடித்துக் கம்பியில் போட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனாள். பட்டாணித் தோல்களுக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அழுதது போல பெரியவளுக்குக்கூட நான் அழுததில்லை. அது உண்மை, அதனால் எழுதுகிறேன்.

வீடியோவை அன்று மாலையே எங்கள் பக்கத்திலிருந்து எடுத்தேன். வியாழக்கிழமை குழுவின் அறையில் வக்கீலம்மா எனக்காகத் திரையை இறக்கச் சொல்லி ஏற்பாடு செய்திருந்தார். கடைசி நிமிடத்தில் மனசு மாறுவேன் என்று நம்பினார். நான் எழுந்து, வீடியோ இல்லை என்றேன்.

“ஏன்?” என்றார் தலைவர். அவர் அதை ஏற்கெனவே இரண்டு முறை பார்த்து அழுதவர்.

“ஒரு பிள்ள ஆட்சேபம் சொல்லியிருக்கு.”

“எந்தப் பிள்ள?”

“அதச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லீங்க.”

பத்து நிமிடமும் கணக்குச் சொன்னேன். எத்தனை ஃபார்ம், எத்தனை நாள் தாமதம், எத்தனை பதில். இரண்டாம் நிமிடத்தில் ஒருவர் கைபேசியை எடுத்தார். நாலாம் நிமிடத்தில் இன்னும் மூன்று பேர். அழுகைக்கு இடம் விட்டேன், பழக்கம்தானே, யாரும் அழவில்லை. முடிந்ததும் தலைவர் ‘நல்ல விஷயம், அடுத்த கூட்டத்தொடரில் விரிவாகப் பார்க்கலாம்’ என்றார். அதாவது பரிசீலிக்கிறோம்.

வக்கீலம்மாவோடு காரில் திரும்பினேன். அலுவலக வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார். “நீங்க செஞ்சது சரிதான். இன்னைக்கு எனக்கு அதச் சொல்ல முடியல, நாளைக்குச் சொல்றேன்.” மறுநாள் சொன்னார்.

கடைசி அறையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். படத்தைப் போட்டவர் யாரென்று தெரிந்து, அவர் வரச் சம்மதித்தால், அந்த அறையில்தான் உட்கார வைப்போம். காதலித்தவன், மாமன், பக்கத்து வீட்டுக்காரர், சில சமயம் அப்பா. எதிரே நான் உட்காருவேன். ‘இந்தப் பிள்ளையைப் பற்றி இனி எதையும் அனுமதி இல்லாமல் வெளியிட மாட்டேன். எங்கெங்கே பிரதிகள் உள்ளனவோ அங்கெல்லாம் எடுக்க உதவுவேன்’ என்று ஒரு தாள். அதில் கையெழுத்து வாங்குவேன். நெளிவார்கள். ‘நல்லதுக்குத்தான் போட்டேன்’ என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பிள்ளை அந்த நேரத்தில் நடு அறையில் இருக்கும். விரும்பினால் உள்ளே வந்து பார்க்கலாம், கட்டாயம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அந்த அறையில் எதிர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அந்த நாற்காலி ஆடுகிறது என்பது எட்டு வருடத்தில் அன்றுதான் தெரிந்தது. வக்கீலம்மா தாளை வைத்தார். முழுவதையும் வாசித்துக் காட்டினார். எல்லோருக்கும் வாசிக்க வேண்டும் என்பது விதி.

“ஏதாவது சொல்லணுமா?” என்றார். அதுவும் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

நல்லதுக்குத்தான் போட்டேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். “ஒண்ணும் இல்ல,” என்றேன்.

அவர் எழுந்து நடு அறைக்குப் போய்த் திரும்பினார். “உள்ள வரணுமான்னு கேட்டேன். வேணாமாம்.”

கையெழுத்துப் போட்டேன். ‘போட்டவருக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு’ என்று ஒரு கோடு இருந்தது. அம்மா என்று எழுதினேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு பிரதிகள் இருந்தன. சிலர் சோகமான இசை சேர்த்திருந்தார்கள், சிலர் ஐந்தாவது நிமிடத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். இன்றுவரை நூற்றெழுபது போயிருக்கின்றன. கம்ப்யூட்டர்காரர் தினமும் காலையில் தேடுகிறார், என்னிடம் எண்ணிக்கை மட்டும் சொல்கிறார். அவள் பள்ளிக்கூடத்தில் இனி போட மாட்டார்கள். ஸ்வெட்டர் விஷயம் நின்றதா என்று தெரியாது. கேட்டேன், தோளைக் குலுக்கினாள்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். படித்துவிட்டு இரண்டு இடத்தில் பேனாவால் அடித்துக் கொடுத்தாள். அந்த இரண்டும் இதில் இல்லை. பட்டாணி மேசையில் அவள் சொன்னதை அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. “தப்பாவே சொல்லிட்டிருக்கிறதுக்கு இது பரவாயில்ல,” என்றாள்.

கையெழுத்துப் போட்ட அன்று இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தோம். வேறு எப்படி வருவது? அவளுக்கு ஜன்னல் பக்கம். பாதி வழியில், “மொத்தமா போயிடுமா?” என்று கேட்டாள்.

மற்ற பிள்ளைகளுக்கு இதற்கென்று பக்குவமாக ஒரு பதில் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லவில்லை. “போகாது,” என்றேன்.

“தெரியும்,” என்றாள்.

ஏழு வருடமாக நாற்பது லட்சம் பேருக்கு அந்தக் காலையைச் சொன்ன நான், அங்கே இருந்தவளை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. “மூடினதுக்கு அப்புறம், என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி, உள்ள என்னடா பண்ணின?” என்று கேட்டேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். எடை போடுகிற பார்வை. “யாருகிட்டயும் சொல்ல மாட்டியே?”

“மாட்டேன்.”

நாலு நிறுத்தம் போகும்வரை யோசித்தாள். பிறகு சொன்னாள். நாங்கள் இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போன பிறகும் சொன்னாள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவள் அப்பாவிடம்கூட.